சாந்தமான முகத்தில் கோபம் பார்ப்பவள்

ஆகஸ்ட் 4

அன்புள்ள சித்தி,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறைத்தோழிக்கும் வேண்டாம், உன் பேராசிரியருக்கும் வேண்டாம், நம் வீட்டில் யாருக்குமே வேண்டாம். படித்ததும் கிழித்துப் போடு. அதையும் உன் அறைக் குப்பைக்கூடையில் போடாதே, வெளியே போகும்போது எங்காவது போடு. சிரிக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இரவு ஒன்பது மணிக்கு மேல் என் போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கும். பகலில் பேசினால் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு, வடிவியல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அதற்கடியில் எழுதுகிறேன். நீ பதில் எழுதினால் எங்கள் பள்ளி நூலக மேடம் பெயருக்கு அனுப்பு. அவரிடம் கேட்டுவிட்டேன். "இந்தக் காலத்துல லெட்டரா! காதல் கீதல் ஒண்ணும் இல்லையே?" என்றார். "எங்க சித்தி மேடம்" என்றேன். "சித்தின்னா சரி" என்று விட்டுவிட்டார்.

நேற்று நீ போனில் கத்தினாயே, "ஏய் கொசு, உன் ரிசல்ட்டைப் பாத்து எங்க லேப்பே ஆடிப்போச்சுடி! கோபத்தை எப்படிடீ அவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிக்கிற?" என்று. அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் "சும்மா குத்துமதிப்பா அடிச்சேன் சித்தி" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்.

விடுமுறையில் நீ மடிக்கணினியோடு வந்து என்னை உட்கார வைத்தபோது, நீ சொன்னபடிதான் செய்தேன். ஒரே ஆளின் முகம், பதினொரு படம். முதல் படத்தில் முழுச் சாந்தம், பதினொன்றாவதில் முழுக் கோபம், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். படம் கண்ணைச் சிமிட்டும் நேரம்தான் வரும். சாந்தம் என்றால் இடது பொத்தான், கோபம் என்றால் வலது பொத்தான். ஆணும் பெண்ணுமாக எத்தனை முகங்கள்! கண் வலித்தது. ஆனால் ஒன்றைக்கூட நான் யோசிக்காமல் அழுத்தவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கோபம் வரும். யாரென்று எழுத மாட்டேன். வந்தால் என்ன நடக்கும் என்றும் எழுத மாட்டேன். ஆனால் வருவதற்கு அரை நிமிடம் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் கீழ் இமை அசையாமல் நின்றுவிடும். பிறகு வாயின் இடது ஓரம் நூல் பிடித்து இழுத்ததுபோல் உள்ளே போகும். மற்றவர்கள் பார்த்தால் அந்த முகத்தில் ஒன்றுமே இருக்காது. அந்த அரை நிமிடத்தில் நான் பால்கனிக்குப் போய்விடுவேன். எதிர் மாடியில் ஒருவர் எப்போது பார்த்தாலும் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். ஆள் பார்க்கிற இடத்தில் எதுவும் நடக்காது.

இனிமேல் இதைப் பற்றிப் போனில் கேட்காதே.

உன்,
கொசு

ஆகஸ்ட் 11

என் கொசுவே,

படித்தேன். இரண்டு முறை படித்தேன். கிழிக்க மனம் வரவில்லை, ஆனால் பூட்டி வைத்திருக்கிறேன், சாவி என் கழுத்தில். யாருக்கும் காட்ட மாட்டேன். என் மேல் சத்தியம், என் ஆய்வுப் பட்டத்தின் மேல் சத்தியம். மூன்று வருடமாக அதற்கு உயிரைக் கொடுக்கிறேன், என் உயிரைவிட அதுதான் பெரிய சத்தியம்.

பயப்படாதே. அழாதே. அழுதாயா? நீ அழுதாய் என்று எழுதவில்லை, ஆனால் மூன்றாவது வரியில் மை கலைந்திருக்கிறது.

உன் பதில்கள் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. நாய், பூனை, கோபம், சாந்தம் என்று நாம் எல்லாவற்றையும் வகை பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் சாந்தத்துக்கும் கோபத்துக்கும் நடுவில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. நாம்தான் போட்டுக்கொள்கிறோம். எதைப் பார்த்து வளர்கிறோமோ அதற்குத் தகுந்தபடி கோடு நகரும். நாற்பது பிள்ளைகளைச் சோதித்தோம். எல்லாரும் ஆறாவது படத்தில் கோபம் என்றார்கள். அவர்கள் பதிலைக் கொடுத்துக் கணினியில் பழக்கிய இயந்திரமும் ஆறாவது படம் என்றது. நீ மட்டும் நான்காவது!

"ஒண்ணு மட்டும் துண்டா நிக்குது, தூக்கிடுங்கம்மா" என்றார் பேராசிரியர். நான் சண்டை போட்டு உன்னை வைத்துக்கொண்டேன். அது மட்டுமில்லை, உன் பதில்களை மட்டும் வைத்து இன்னொரு இயந்திரம் பழக்கியிருக்கிறேன். அதற்குப் பெயர் கொசு! லேப்பில் ஒரே கூத்து. அடையாள அட்டைப் படங்களைக் காட்டினோம். வரவேற்பறையில் உட்காரும் அக்கா, என் அறைத்தோழி, நூலகர், துப்புரவு செய்யும் அம்மா, எல்லாரையும் கோபம் என்கிறது. வரவேற்பறை அக்கா வந்து, "ஏம்மா, என் மூஞ்சியப் பாத்தா உன் பொட்டிக்கு என்ன கோவம் தெரியுதாம்? ஒரு டீ வாங்கிக் குடுத்தா சரியாயிடுமா அதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யாரென்று நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். அந்த மீசையும் அந்தக் குரலும். அத்தான் முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டேன். சரக்கு ரயில் ஓட்டுகிறவர் குரல் வேறு எப்படி இருக்கும் என்று அக்கா சமாதானம் சொன்னாள். நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் கை நீளும்.

என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன். அதுவரை ஒன்று சொல், இமையா முதலில், வாயா முதலில்? எத்தனை நொடி இடைவெளி? முடிந்தால் எழுது.

உன் சித்தி

ஆகஸ்ட் 16

சித்தி,

அப்பா இல்லை!

உன் கடிதத்தை நூலகத்தில் அகராதிகள் அடுக்கியிருக்கும் மூலையில் நின்று படித்தேன். அப்பா இல்லை சித்தி. அப்பாவுக்குக் கோபம் வந்தால் தெருமுனைக்கே கேட்கும். ஆனால் பத்து நிமிடத்தில் "என்னடா செல்லம், பயந்துட்டியா? நான் ரயில்காரன்டா, எனக்கு மெதுவாப் பேசவே வராது" என்று அவரே வந்து நிற்பார். என் மேல் அவர் விரல் பட்டதில்லை.

அப்பா வண்டியில் போனால் மூன்று நாள், சில சமயம் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார். அந்த நாட்களைப் பற்றித்தான் எழுதினேன். வீட்டில் மீதி இருப்பது யாரென்று நீயே எண்ணிக்கொள்.

எழுதிவிடுகிறேன். உன் அக்கா. அம்மா.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் எட்டு மணி நேரம் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிறாள். அங்கே வருகிற பிள்ளைகள் அவளிடம்தான் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்தால் ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைப்பாள். நான் ஈரக் குடையை நாற்காலியில் வைத்திருப்பேன், அல்லது வேதியியலில் எழுபத்தொன்று வாங்கியிருப்பேன். கிள்ளுவது எப்போதும் சட்டைக் கைக்குள் மறைகிற இடத்தில்தான். ஒருமுறை என் அறைக்குள் ஓடிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் கதவில் தாழ்ப்பாளே இல்லை. திருகாணி இருந்த நான்கு ஓட்டை மட்டும் இருந்தது.

போன வருடம் அப்பாவிடம் சொன்னேன். அவர் நேரே போய், "என்னடி, பிள்ளைய அடிக்கிறியாமே?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். "நீங்க ஒண்ணு. படின்னு சொன்னா அதுக்குப் பேரு அடியா?" அப்பாவும் சிரித்தார். மறுநாள் அவர் வண்டிக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். அதோடு நான் யாரிடமும் எதுவும் சொல்வதை விட்டுவிட்டேன்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அரை நிமிடம் கிடைக்கிறது, அதில் பால்கனி வரை போய்விடுகிறேன். பள்ளி முடிய இன்னும் இரண்டு வருடம். அதுவரை இப்படியே ஓட்டிவிடலாம். நீ எதுவும் செய்யாதே. எதுவுமே செய்யாமல் இருப்பதுதான் எனக்குச் செய்கிற உதவி.

இமைதான் முதலில். நொடி எண்ணியதில்லை.

கொசு

ஆகஸ்ட் 17

அன்புக் கொசு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் இதை எழுதுகிறேன். திட்டுவாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று அக்காவுக்கு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதிவிட்டேன்.

பொறு, கிழிக்காதே, படி. சத்தியம் செய்தேன்தான். அதன் பிறகு ஐந்து நாள் நான் தூங்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக இதைச் சுமக்கிறாள், நான் அவளிடம் "எத்தனை நொடி?" என்று கேட்டிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. பேராசிரியரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "படிவத்துல கையெழுத்து போட்டது யாரு? அவங்களுக்குச் சொல்லணும். அதுதான் விதி" என்றார். உன் ஒப்புதல் படிவத்தில் காப்பாளர் என்ற இடத்தில் இருப்பது அக்காவின் கையெழுத்து. அத்தானின் கையெழுத்தாக இருந்திருந்தால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் கடிதத்தை அனுப்பவில்லை. உன் வரைபடத்தை அனுப்பினேன். மற்ற பிள்ளைகள் சாந்தம் என்று சொல்கிற முகங்களில் இவள் கோபம் பார்க்கிறாள், வீட்டில் எதையோ பார்த்துப் பழகியிருக்கிறாள் என்று எழுதினேன். இமையையும் வாய் ஓரத்தையும் பற்றி நீ எழுதியதை அப்படியே நான்கு வரி எடுத்துப் போட்டேன். அவளே அத்தானின் முகத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

அரை மணி நேரத்தில் அக்கா போன் செய்தாள். அழுதாள்டி. "நல்லவேளை நீ சொன்ன. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள். எவ்வளவு பாரம் இறங்கியது தெரியுமா எனக்கு? எங்கள் அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள். உனக்கு அவளைவிடப் பெரிய காவல் எங்கே கிடைக்கும்?

கோபம் தணிந்ததும் எழுது.

சித்தி

ஆகஸ்ட் 26

சித்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இதற்குள் என் கடிதம் வந்திருக்கும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்கும். பத்து நாள் ஆகிறது. நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆய்வுக்குப் பயன்படும்.

நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிய மறுநாள் அம்மா வேலையிலிருந்து வந்து, எனக்குப் பால் ஆற்றிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள். கையில் இரண்டு தாள், மருத்துவமனை இயந்திரத்தில் அச்செடுத்து வந்திருந்தாள். "கீழ் இமையா?" என்றாள். "வாய் ஓரமும் உள்ள போகுமாமே, எந்தப் பக்கம்? இடது பக்கமா?" தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இப்பச் சொல்லு. என் மூஞ்சில என்ன தெரியுது?" "ஒண்ணும் இல்லம்மா." "நல்லாப் பாத்துச் சொல்லுடி, பரிட்சை எழுதற மாதிரி." அன்று என்னைத் தொடவில்லை.

அதிலிருந்து தினமும் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நிற்கிறாள். பொட்டு வைப்பதற்கு இல்லை. இமையைப் பார்க்கிறாள். வாயைப் பார்க்கிறாள். எட்டு மணி நேரம் சிரிக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வேலையா? நாலே நாளில் கற்றுக்கொண்டாள்.

அப்பா வந்ததும் அந்தத் தாளை அவரிடமும் படித்துக் காட்டினாள். "மற்ற பிள்ளைகள் சாந்தம் என்று சொல்கிற முகங்களில் இவள் கோபம் பார்க்கிறாள்." அதோடு நிறுத்திக்கொண்டாள், அடுத்த வரியைப் படிக்கவில்லை. "பாத்தீங்களா, போன வருஷம் நான் அடிக்கிறேன்னு சொன்னாளே, அது பொய்யில்லீங்க, பாவம், அவளுக்கு அப்படித்தான் தெரியுது. என் தங்கச்சி மெஷின் வெச்சே கண்டுபிடிச்சிருக்கா" என்றாள். அப்பா கலங்கிப்போனார். "படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு எங்கே போனார் தெரியுமா? கண்ணாடிக் கடைக்கு. அப்பாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடைக்காரர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தேன். "கண்ணு ரெண்டும் கழுகு மாதிரி இருக்கு சார், எதுக்குக் கண்ணாடி?" என்றார். அப்பா குரலைத் தாழ்த்தி, ஆனாலும் கடை முழுக்கக் கேட்கும்படி, "இல்லீங்க, மூஞ்சியெல்லாம் கோவமாத் தெரியுதாம், அதுக்கு ஏதாவது பவர் இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வரும் வழியில் அப்பா என் தலையைத் தடவி, "பயப்படாதடா, பெரிய டாக்டராப் பாத்துடலாம்" என்றார். இதுவரை அப்பா என்னை நம்பவில்லை, அவ்வளவுதான். இனி நம்பவே முடியாது. நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் கையெழுத்தோடு மறுப்பு இருக்கிறது.

போன வியாழக்கிழமை அப்பா வண்டிக்குப் போனார். மாலையில் அம்மா எனக்குத் தலை வாரினாள். அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தோம். அவள் வேலையில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சீப்பின் முதுகு காதுக்குப் பின்னால் இறங்கியது. நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். இமை அசைந்துகொண்டிருந்தது. வாய் அப்படியே இருந்தது. அவள் வேடிக்கையின் மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

எனக்கு இருந்தது ஒரு அரை நிமிடம். அதை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டீர்கள். எது எப்போது வரும் என்று இனி எனக்குத் தெரியாது. அவள் சிரித்தாலும் பயம், சும்மா இருந்தாலும் பயம், முதுகைத் திருப்பினாலும் பயம். இப்போது உங்கள் பதினொரு படங்களையும் கொண்டு வாருங்கள், முதல் படத்துக்கே நான் வலது பொத்தானை அழுத்துவேன்.

இந்தக் கடிதத்தையும் யாருக்காவது அனுப்ப விதி இருக்கிறதா?

செப்டம்பர் 2

கொசு,

அப்படிக் கூப்பிடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. நீங்கள், அவர்கள் என்று எழுதியிருக்கிறாய். வாங்கிக்கொள்கிறேன்.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் பதினாறாம் தேதிக் கடிதம் எனக்கு இருபதாம் தேதியே வந்துவிட்டது. ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். பொய் சொல்லலாம். சொல்ல மாட்டேன். உன்னை நான் நம்பவில்லை.

அக்கா என்று படித்ததும், பிள்ளை பயத்தில் ஆளை மாற்றிச் சொல்கிறது, அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று நினைத்தேன். இந்த மாதிரி பிள்ளைகளைப் பற்றி நான் படித்திருக்கிறேன் பார், அந்தப் பெருமை. அக்கா எனக்கும் தலை வாரியிருக்கிறாள். கண்ணில் நீர் வரும்வரை இழுத்து வாருவாள். "அம்மா இல்லாத பிள்ளைக்கு என்னமா பாத்துப் பாத்துச் செய்யறா" என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் அதைப் பாசம் என்றார்கள், நானும் அதைப் பாசத்தில் சேர்த்து வைத்துவிட்டேன். பிறகு திறந்தே பார்க்கவில்லை.

உன் இரண்டாவது கடிதத்தைப் பொய்யென்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டியிருந்தது. உன் பிறந்தநாள் படத்தை எடுத்து உன் பெயர் வைத்த இயந்திரத்திடம் காட்டினேன். அத்தான் அதில் வழக்கம்போல் சண்டைக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார். சாந்தம் என்றது. அக்கா சிரிக்கிறாள். கோபம் என்றது. தப்பு என்று நினைத்தேன். என்னிடம் இருக்கும் அக்காவின் படம் பத்தொன்பதையும் காட்டினேன். பதினான்கில் கோபம். அப்புறம்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். உன் பதில்களை ஆண் முகங்கள், பெண் முகங்கள் என்று பிரித்தேன். ஆண் முகங்களில் நீ எல்லாரையும் போல ஆறாவது படம். பெண் முகங்களில் இரண்டாவது படம். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு நான்கு என்று கூத்தாடியிருக்கிறேன். லேப்பில் கோபம் என்று வந்தவர்களை உனக்குப் பட்டியல் எழுதினேனே, அத்தனை பேரும் பெண்கள். எழுதிய என் கைக்கே தெரியவில்லை.

பிறகு அந்தப் பிறந்தநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்காவின் கை உன் தோளில் இருக்கிறது. அழுத்திய அழுத்தில் கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கிறது. உன் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இதைப் பார்க்க இயந்திரம் எதற்கு? அந்தப் படம் ஒரு வருடமாக என் போனில் இருக்கிறது.

பிள்ளை சொன்னபோது நம்பாமல், பெட்டி சொன்ன பிறகு நம்பினேன். இதை நீ மன்னிக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யார் மூலமாகவோ உனக்குத் தெரியக் கூடாது. கட்டுரை ஏற்கெனவே போய்விட்டது. கருத்தரங்கில் உன் வரைபடத்தைத் திரையில் காட்டினேன். பெயர் இல்லை, பங்கேற்பாளர் 27 என்றுதான். உன் பதில்களுக்கு மேலே "பிழைகள்" என்று தலைப்புப் போட்டிருந்தேன். கை தட்டினார்கள்.

பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். வந்து அக்காவிடம் நேருக்கு நேர் பேசுகிறேன், உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளிடம் சும்மா பார்க்க வருவதாக மட்டும் சொல்லியிருக்கிறேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, நம்பு. நம்பு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

சித்தி

செப்டம்பர் 7

ஆய்வாளர் அவர்களுக்கு,

பங்கேற்பாளர் 27 எழுதுவது. உறையில் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி முதலிலேயே தயார் செய்துவிட்டேன். இது பாதியில் நின்றாலும் காலையில் பெட்டியில் போட்டுவிடுவேன்.

சும்மா பார்க்க வருவதாகச் சொன்னீர்களா? சொல்லாமல் வரத் தெரியாதா உங்களுக்கு? நீங்கள் போன் வைத்ததிலிருந்து அம்மா வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். புதுத் திரைச்சீலை போட்டாகிவிட்டது. எனக்குப் புதுச் சட்டை, முழுக்கை. என் அறைக் கதவில் தாழ்ப்பாளும் வந்துவிட்டது, பழைய ஓட்டைகளை மறைக்கிற மாதிரி பெரிய பித்தளைத் தாழ்ப்பாள். வெளிப்பக்கத்துக்கும் ஒன்று போட்டிருக்கிறாள். "காத்துல கதவு அடிக்குதுங்க" என்று அப்பாவிடம் ஆளை வரவழைத்துப் போட வைத்தாள். நீங்கள் சனிக்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் சாந்தமாக இருக்கும். அவள் உங்களைக் கட்டிக்கொண்டு அழுவாள். நீங்களும் அழுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

நீங்கள் என் கடிதத்தைக் காட்டியது வலிக்கிறது. அதைவிட, உங்களிடம் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று நினைத்தால்தான் வலிக்கிறது. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். முட்டாள்.

ஒப்புதல் படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கடைசி வரியில், பங்கேற்பாளர் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. நான் விலகிக்கொள்கிறேன். என் பதில்களை எடுத்துவிடுங்கள். வரைபடத்தை எடுத்துவிடுங்கள். என் பெயர் வைத்த அந்த இயந்திரத்தை அழித்துவிடுங்கள். நான் பயந்து பயந்து கற்றுக்கொண்டது அதற்குச் சும்மா கிடைக்கக் கூடாது.

என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். உங்களோடு வர எனக்கும் பயமாக இருக்கிறது. எனக்கு வேண்டியது அப்பா. அவர் என்னை நம்ப வேண்டும். அதைக் கெடுத்தது நீங்கள், அதனால் நீங்கள்தான் சரி செய்ய வேண்டும். வீட்டுக்கு எழுதாதீர்கள். ரயில் நிலையத்தில் ஓட்டுநர்கள் ஓய்வறை இருக்கிறது, அந்த முகவரியை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை அங்கேதான் இறங்குவார். விரைவுத் தபாலில் போடுங்கள். வரைபடம் வைக்காதீர்கள், சராசரி, விதி, வகை எதுவும் வேண்டாம். பெரிய எழுத்தில் எழுதுங்கள், கண்ணாடி இல்லாமல் படிப்பார். என்ன எழுத வேண்டும் என்று நானே சொல்கிறேன். கூட ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.

"அத்தான், உங்கள் பெண்ணின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவள் பார்த்ததெல்லாம் சரி. தவறு செய்தது நான். போன வருடம் அவள் உங்களிடம் சொன்னது

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மாதான், அப்பா ஊரில் இல்லை. அம்மா இதுவரை ஒருமுறைகூட என் கதவைத் தட்டியதில்லை. நேரே திறந்துகொண்டு வருவாள். இன்று தட்டிவிட்டு வெளியே நிற்கிறாள். "செல்லம், இன்னும் தூங்கலையா? விளக்கு எரியுதே. கொஞ்சம் திறம்மா, பேசணும்." குரல் பஞ்சு மாதிரி இருக்கிறது. என்னால் சொல்ல முடியவில்லை சித்தி. கேட்டுக் கேட்டுப் பார்க்கிறேன், ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி தட்டுகிறாள். சித்தி, நீ சனிக்கிழமை வரைக்கும்